ஐயாற்றில் யார் பாடுகிறார்கள்?

தை, தேய்பிறை துவிதியை

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைப் பஸ் தாண்டிவிடுகிறது. மேட்டூர் அணையை மூட இன்னும் நாள் இருப்பதால் எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடியது. வெண்ணாற்றைக் கடந்ததும் இரு பக்கமும் சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. அறுவடை இயந்திரங்கள் வரப்போரம் வந்து நின்றுவிட்டன.

என் சித்தப்பா ஓர் ஆற்றையும் பார்க்கவில்லை. அவர் மடியில் தியாகராஜர் ஆராதனை விழாவின் அழைப்பிதழ் இருந்தது. அதில் சில பெயர்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் கும்பகோணத்தில் மிருதங்கம் கற்றவர். மார்கழியில் சென்னைக்கு வந்தால், எந்தச் சபாவில் எத்தனை மணிக்கு யார், பக்கவாத்தியம் யார் என்று முதலில் எழுதிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புவார். அங்கே அது தேவையும்கூட. மதியம் வளரும் கலைஞர்களுக்கு இலவசக் கச்சேரி, மாலையில் பெரியவர்களுக்கு டிக்கெட் என்று பல சபாக்களில் நேரமே தகுதியைச் சொல்லிவிடும். ஒரே மாலையில் நான்கு இடங்களில் நான்கு பேர் பாடும்போது, ஒருவரைத் தேர்ந்தால் மூவரை இழக்கிறோம்.

"எனக்கு யார் பாடினாலும் சரி சித்தப்பா. திருவையாற்றில் உட்கார்ந்து கேட்டால் போதும்" என்றேன்.

"அப்படியானால் ஆற்றங்கரையில் வானொலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடலாமே அம்மா. பந்தலுக்குள் எதற்குப் போகிறாய்?"

நல்ல கேள்வி. பதில் சொல்வதற்குள் காவிரிப் பாலம் வந்துவிட்டது.

கர்நாடக இசையில் கீர்த்தனைகள் இயற்றிய தியாகராஜ சுவாமிகள் 1847 ஜனவரி 6 அன்று இந்த ஊரில் சித்தி அடைந்தார். அது புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமி. ஆண்டுதோறும் அந்தத் திதியில் முடிகிற மாதிரி ஐந்து நாள் விழா நடக்கிறது. சமாதிக்கு அருகே காவிரிக்கரையில் பந்தல். டிக்கெட் கிடையாது, நாற்காலியில் எண் கிடையாது. பாடுகிறவர்களுக்கும் சன்மானம் கிடையாது. பெரிய வித்வானுக்கும் நேற்று அரங்கேறிய பெண்ணுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம்: இருபது நிமிடம், சில வேளை அதற்கும் குறைவு. பந்தலில் அடுத்தடுத்து இரண்டு மேடைகள். ஒன்றில் பாட்டு நடக்கும்போதே மற்றதில் அடுத்தவர்கள் வந்து அமர்ந்து சுருதி சேர்த்துக்கொள்கிறார்கள். மங்களம் பாடி எழுந்திருக்கும் இடைவெளியே இல்லை.

இன்று மாலை மட்டும் கேட்டோம். பயணக் களைப்பில் எனக்கு ஒன்றும் பெரிதாக மனதில் நிற்கவில்லை. சித்தப்பா வட்டமிட்ட ஒருவர் வரவில்லை. அவருக்குப் பதிலாக வேறொருவர் பாடினார். சித்தப்பாவின் முகம் வாடியது. இரவு தஞ்சாவூர் விடுதிக்குத் திரும்பிவிட்டோம். திருவையாற்றில் இந்த நாட்களில் அறை கிடைப்பது அரிது.

திரிதியை

காலையிலேயே வந்து, பந்தலின் நடுவில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம். தூண் முதுகுக்கு உதவும் என்பது சித்தப்பாவின் அனுபவம். மதியம் வரை நகரவில்லை.

இருபது நிமிடம் என்பது ஒரு பாடகரை என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் வர்ணத்தில் தொடங்கிக் குரலைப் பதப்படுத்திக்கொள்ளலாம். முதல் அரைமணி சுமாராகப் போனாலும் ராகம் தானம் பல்லவியில் ஈடுகட்டலாம். இங்கே அதற்கு வழியில்லை. உட்கார்ந்தவுடன் உள்ளதை எடுத்து வைத்துவிட வேண்டும். சிலர் நான்கு சின்னக் கீர்த்தனைகளை வேகமாக அடுக்கிவிட்டுப் போகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. நன்றாகப் பாடியவர்கள் ஒன்றோ இரண்டோதான் பாடினார்கள்.

பதினொரு மணி வாக்கில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்தார். பெயரை அறிவித்தார்கள், பந்தலில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சித்தப்பாவின் பென்சிலும் அந்தப் பெயரைத் தொட்டிருக்கவில்லை. கரகரப்பிரியா ராகத்தை எடுத்தார். இந்த ராகம் இன்று எல்லோருக்கும் தெரிந்த ராகமாக இருப்பதற்குத் தியாகராஜர்தான் காரணம். அவர் காலத்தில் கீர்த்தனைகள் இயற்றிய முத்துசுவாமி தீட்சிதர் அதில் ஒன்றும் இயற்றியதில்லை. ஒரு டஜனுக்குக் குறையாத கீர்த்தனைகளால் அதற்கு உருவம் கொடுத்தவர் தியாகராஜர். அந்த உருவம் பிறந்த தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், கிடைத்த நேரத்தில் பாதியைச் சொல்லில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனைக்கே கொடுத்துவிட்டார் அந்த மனிதர். ஸ்வரம் பாட நேரம் இல்லை, மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் இல்லை. 'சக்கனி ராஜ' மட்டும் பாடினார். 'ராஜ மார்க்கம் இருக்கும்போது சந்துகளில் நுழைவது எதற்கு' என்று கேட்கிற பாட்டு. மேல் ஷட்ஜத்தில் ஒரு முறை குரல் பிசிறியது. அவர் அதை மூடி மறைக்காமல் மறுபடி அதே இடத்துக்குப் போய் நின்றார். இந்த முறை குரல் நின்றது. சித்தப்பா தொடையில் தாளம் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

சென்னையில் இவர் கச்சேரிக்கு நான் போயிருப்பேனா? போயிருக்க மாட்டேன். அதே நேரத்தில் வேறெங்கோ தெரிந்த பெயர் ஒன்று இருந்திருக்கும், அங்கே போயிருப்பேன். திருவையாற்றின் அமைப்புதான் என்னை அவர் முன்னால் உட்கார வைத்தது. ஒரே பந்தல். எழுந்து போக வேறு மேடை இல்லை. வந்த இடத்தில் அமர்ந்தால், அடுத்து யார் வந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆற்றங்கரை, காற்று, புனிதம் என்றெல்லாம் நான் இங்கே வந்ததற்குக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் விழாவின் அனுபவம் என்று நான் மதிப்பது இதைத்தான்: தேடிப் போகாத ஒருவரைக் கேட்கவைக்கிற ஏற்பாடு.

மாலையில் அதே ஏற்பாடு உடைவதையும் பார்த்தேன். எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் வந்தார். வாசலில் நின்றவர்கள், காபிக் கடையில் இருந்தவர்கள், படித்துறையில் கால் நனைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் உள்ளே வந்து நிரம்பினார்கள். அழகாகவே பாடினார், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் எழுந்ததும் பாதிப் பந்தல் எழுந்தது. பக்கத்து மேடையில் வீணையோடு அமர்ந்திருந்த இளம்பெண் வாசிக்கத் தொடங்கியபோது செருப்பைத் தேடும் சத்தமும் பிள்ளைகளைக் கூப்பிடும் குரலும்தான் கேட்டன. வீணையின் நாதம் ஏற்கெனவே மெல்லியது. அவளுடைய இருபது நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் அப்படியே போயிற்று. எந்த ஊரிலிருந்து எத்தனை மணி நேரம் பயணம் செய்து வந்தாளோ! பட்டியலைப் பார்த்து வருவது தவறு என்று நான் சொல்லவில்லை. பட்டியலில் ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு, அடுத்தவர் தொடங்கும்போது முதுகைக் காட்டுவது கொடுமை. எழுந்துதான் ஆக வேண்டும் என்றால் அவர் முதல் பாட்டை முடிக்கும் வரையாவது பொறுக்கலாம்.

இரவு விடுதியில் சித்தப்பாவுக்கு உட்ஸ்டாக் கதையைச் சொன்னேன். 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு பால் பண்ணை நிலத்தில் நடந்த விழா. நான்கு லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள் என்கிறார்கள். மழை, சேறு, சாப்பாட்டுத் தட்டுப்பாடு. கடைசியாக மேடையேற வேண்டிய கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மிகவும் தாமதமாகத் திங்கட்கிழமை காலையில்தான் ஏறினார். அதற்குள் கூட்டம் கலைந்து, சில பத்தாயிரம் பேர்தான் மிச்சம். பட்டியலின் உச்சியில் இருந்தவரைக் கேட்காமல் போனவர்களும் அந்த விழாவுக்குப் போனதைத்தான் வாழ்நாள் முழுதும் பேசினார்கள்.

சித்தப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "சேற்றில் நின்றுகொண்டிருந்த அந்தச் சில பத்தாயிரம் பேரில் நான் இருந்திருப்பேன்."

அவர் பக்கத்து நியாயத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

சதுர்த்தி

காலையில் பந்தலுக்குப் போகாமல் ஊரைச் சுற்றினேன். சித்தப்பா மட்டும் வழக்கமான தூணுக்குப் போய்விட்டார்.

ஐயாறப்பர் கோயில் பெரியது. அப்பருக்குக் கயிலைக் காட்சி கிடைத்த தலம். தெற்குப் பிராகாரத்தில் ஓரிடத்தில் நின்று 'ஐயாறப்பா' என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். எதிரொலி கேட்டது, எண்ண முடியவில்லை, அவ்வளவு குரல்கள். வெளியே வந்து ஆண்டவர் கடையில் சூடான அசோகா வாங்கி வாழை இலைத் துண்டில் வைத்துச் சாப்பிட்டேன். பாசிப்பருப்பில் செய்வது; நெய் விரலில் வழிந்தது. பிறகு திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த இடம். பழைய வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் நினைவில்லம் கட்டியிருக்கிறார்கள்.

அங்கிருந்து நடந்து சமாதிக்கு வந்தேன். மீதிக் காலைப் பொழுது முழுவதும் போனது அதற்கு அருகில் இருக்கிற இன்னொரு சமாதியில்தான். பெங்களூர் நாகரத்தினம்மாள். கைகூப்பித் தியாகராஜர் சந்நிதியைப் பார்த்தபடி சிலையாக இருக்கிறார். சந்நிதிக்கு வருகிறவர்களில் பலர் இவரைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருந்தது. ஏனென்றால் நாம் இன்று உட்கார்ந்து கேட்கிற இடத்தைக் கொடுத்தவரே இவர்தான். சமாதி பாழடைந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, சென்னையில் பேரும் புகழும் சம்பாதித்த தேவதாசிக் குலப் பாடகி தன் பொருளையெல்லாம் கொண்டுவந்து, நிலத்தை வாங்கி, 1920களில் இந்தக் கோயிலைக் கட்டினார். கட்டிய கோயிலில் அவருக்குப் பாட அனுமதி இல்லை. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து ஆராதனை நடத்திய வித்வான்கள், பெண்கள் அங்கே பாடக் கூடாது என்பதில் மட்டும் ஒன்றாக இருந்தார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. பெண்களைத் திரட்டிச் சமாதியின் பின்புறத்தில் தனியாக ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில்தான் கட்சிகள் இணைந்தன. பெண்களும் சந்நிதியின் முன் பாட வந்தார்கள். 1952இல் இறக்கும் வரை இந்த ஊரிலேயே வாழ்ந்தார்.

அவர் போராடியது எதற்காக? பட்டியலில் இடத்துக்காக. இதை அந்தச் சிலைக்கு முன்னால் நின்றபோதுதான் அழுத்தமாக உணர்ந்தேன். அனுபவம்தான் முக்கியம், யார் பாடினால் என்ன என்று சொல்வது கேட்பவருக்குச் சுலபம். மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்கு 'யார்' என்பதுதான் முழுக் கேள்வியும். காவிரிக் காற்றும் சந்நிதியும் 1930இலும் இருந்தன. பெண் குரல்தான் முன்பக்கத்தில் இல்லை.

பாட்டின் விஷயத்திலும் அப்படித்தான். 1946இல் பாடகர் எம்.எம். தண்டபாணி தேசிகர் இங்கே தமிழ்ப் பாடல் பாடினார் என்பதற்காக எழுந்த சர்ச்சை தமிழ்நாடு முழுவதும் பரவியது. தியாகராஜர் ஆராதனையில் தியாகராஜர் கீர்த்தனை என்பது ஒரு மரபு, அதை மதிக்கலாம். ஆனால் தமிழ் பாடியதால் சந்நிதி தீட்டுப்பட்டது என்கிற அளவுக்குப் பேச்சு போனது என்றால், அது மரபைப் பற்றிய பேச்சே இல்லை. காவிரிக்கரையில் நின்றுகொண்டு சொல்கிறேன், அது வெட்கக்கேடு.

மதியம் பந்தலுக்குத் திரும்பி இதைச் சொன்னபோது சித்தப்பா, "அப்படியானால் பட்டியல் முக்கியம் என்று ஒப்புக்கொள்கிறாய்" என்றார்.

"முக்கியம்தான். உங்கள் வட்டங்கள் அல்ல, அந்தத் தாள் எவ்வளவு நீளமாக இருக்கிறது என்பது முக்கியம்" என்றேன்.

அவர் தாளைப் பிரித்துப் பார்த்தார். நுணுக்கி அச்சிட்ட பெயர்கள் பக்கம் பக்கமாக நீண்டன.

பஞ்சமி

இன்று தஞ்சை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. விடியும் முன்பே பஸ்ஸில் இடமில்லை. படியில் நின்றுகொண்டு வந்தோம். திருமஞ்சன வீதியிலிருந்து, பாடிக்கொண்டே பிச்சை ஏற்கும் உஞ்சவிருத்தி பஜனை புறப்பட்டுச் சமாதியை நோக்கி வந்தது. ஜால்ராவும் தம்புராவுமாகப் பின்னால் நடந்தவர்களில் பாதிப்பேர் சாதாரணப் பட்டுப்புடவைக்காரர்கள், வேட்டிக்காரர்கள். பாடகர் யார், கேட்பவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நாகஸ்வரம் முடிந்தது. புல்லாங்குழலில் பைரவி ராகத்தில் 'சேதுலாரா' ஒலித்தது. சந்நிதியில் அபிஷேகத்துக்கு ஆயத்தமானார்கள். ஒரு பக்கம் ஆண்களும் ஒரு பக்கம் பெண்களுமாக வித்வான்கள் எதிரெதிராக அமர்ந்திருக்க, ஒன்பது மணிக்கு நாட்டை ராகத்தில் 'ஜகதானந்தகாரகா' எழும்பியது.

தியாகராஜரின் பஞ்சரத்தினம் என்னும் ஐந்து கீர்த்தனைகளைக் கூட்டாகப் பாடும் இந்த முறை எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஆராதனை நாளில் சந்நிதியின் முன் பாட எல்லோருக்கும் ஆசை. தனித்தனியாகப் பாட நேரம் போதாது. யார் முதலில், யார் பிறகு என்பதே சண்டை. கட்சிகள் இணைந்த அந்தக் காலகட்டத்தில்தான், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஐந்து பாடல்களைப் பாடுவது என்று நிலைபெற்றது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. எல்லாம் கன ராகங்கள், எல்லாம் ஆதி தாளம். வரிசை மாறாது. முதல் பாட்டு சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. இங்கே வருகிற அத்தனை பேருக்கும் ஆண்டு முழுவதும் தெரிந்திருக்கிற பட்டியல் இந்த ஐந்துதான். அதில் பாடகர் பெயரே இல்லை.

நான் இருந்த இடத்திலிருந்து மேடை தெரியவில்லை. முன்னால் கைப்பேசிகளை உயர்த்திக்கொண்டு நின்றவர்கள் மறைத்தார்கள். ஒருவர் ஐந்து பாட்டையும் திரையிலேயே பார்த்தார், வாய் திறக்கவில்லை. என் இடப்புறம் ஒரு பாட்டி, மடியில் கையெழுத்து நோட்டு, எழுத்து மங்கிப்போயிருந்தது. அதைப் பார்க்காமலே பாடினார். வலப்புறம் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள், ஸ்வரம் மனப்பாடம், சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்கள், வரும்போது கொஞ்சம் தடுமாற்றம். எனக்குப் பின்னால் மிகச் சரியான சுருதியில் ஓர் ஆண் குரல். திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை. பெரிய வித்வானாகவும் இருக்கலாம், பெட்டிக்கடைக்காரராகவும் இருக்கலாம்.

வராளியில் கூட்டத்தின் குரல் மெலிந்தது. 'கனகனருசிரா' எல்லோரும் கற்றதில்லை. வராளியை நேரடியாகக் கற்றுக்கொடுத்தால் குருவுக்கும் சீடருக்கும் உறவு கெடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பலர் கேட்டே பழகுகிறார்கள். பாட்டி அங்கும் நிற்கவில்லை. பள்ளிப் பெண்கள் மௌனமாகித் தாளம் மட்டும் போட்டார்கள். முன்வரிசை வித்வான்களின் குரல் இப்போதுதான் தனியாகத் தெரிந்தது. அந்தக் கணத்தில் அவர்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் இல்லையென்றால் பாட்டு அங்கேயே நின்றிருக்கும். தேர்ந்தவர்கள் யாரும் வராமல், அனுபவம் மட்டும் போதும் என்று நாம் நூறு பேர் கூடியிருந்தால் வராளியைத் தாண்டி ஸ்ரீராகத்துக்கு வந்திருக்க மாட்டோம். இதைச் சித்தப்பாவுக்காகவே எழுதுகிறேன். அவர் சொல்லாமலே என்னைப் பார்த்தார்.

பிறகு 'எந்தரோ மகானுபாவுலு'. எத்தனையோ மகான்கள், அனைவருக்கும் வணக்கம் என்று பாடுகிற பாட்டு. நோட்டு வைத்திருந்தவர்கள், வைத்திராதவர்கள், வெளியே சாலையில் ஒலிபெருக்கியின் கீழ் நின்றவர்கள் என்று எல்லாக் குரலும் திரும்பி வந்து சேர்ந்தது. நானும் பாடினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. கூட்டத்தில் பெரும்பகுதி உடனே கிளம்பிவிட்டது. நாங்கள் போகவில்லை. நாளெல்லாம் கச்சேரி தொடர்ந்தது. மதிய வெயிலில் பாதி காலியான பந்தலில் ஓர் இளைஞர் வயலின் தனியாக வாசித்தார். சித்தப்பா முன்வரிசைக்குப் போய் அமர்ந்து தாளம் போட்டார். வாசித்து முடித்த பையன் முதலில் அவரைப் பார்த்துத்தான் கைகூப்பினான். இரவு ஆஞ்சநேயர் உற்சவம் வரை இருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தோம்.

சஷ்டி, தஞ்சாவூர் ரயில் நிலையம்

அடுத்த ஆண்டு வர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பஞ்சமி அன்று மட்டும் வந்துவிட்டுப் போகாதீர்கள். அன்று கூட்டத்தைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். திரிதியையோ சதுர்த்தியோ ஒரு முழுப் பகல் உட்காருங்கள். தங்குவதற்குத் தஞ்சாவூர் வசதி. பொங்கலை ஒட்டி விழா வந்தால் ரயில் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். பஞ்சமி காலை ஏழு மணிக்குள் பந்தலில் இருக்க வேண்டும். பஞ்சரத்தினத்தில் ஆரபியில் உள்ள 'சாதிஞ்செனெ'யையாவது முன்கூட்டியே கற்றுக்கொண்டு வந்தால், கேட்பது வேறு மாதிரி ஆகிவிடும். நாகரத்தினம்மாள் சமாதிக்கு ஒரு முழம் பூ வாங்கிச் செல்லுங்கள். பெரும்பாலோர் தியாகராஜருக்கு மட்டும்தான் வாங்குகிறார்கள்.

அழைப்பிதழில் யாருக்கு வட்டம் போடலாம் என்று கேட்டால், கையில் நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வழி: தெரிந்த பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள், அதற்கு முன்னால் இருக்கிற இரண்டு பெயர்களையும் பின்னால் இருக்கிற இரண்டு பெயர்களையும் சேர்த்து வட்டம் போடுங்கள். சித்தப்பா இதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் இருக்கிற இரண்டில் ஒன்றைத் தவிர்க்கக் கேட்டார், காபி குடிக்க. அது நடக்காது என்று சொல்லியிருக்கிறேன்.